செவிச்சுவையும் சந்தையும்: நாட்டார் இசைஞரைக் ‘கண்டுபிடித்தல்’ பற்றிய ஒரு நோக்கு

ஒருவர் இதுவரை விரும்பிக் கேட்ட பாடல்களை அடிப்படையாகக் கொண்டு அவர் கேட்டிராத பாடகர்களை அவருக்கு அறிமுகஞ் செய்யும் பொறிமுறை இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் யாவர்க்கும் பழக்கமானதாகிவிட்டது. ஸ்பொற்றிஃபை நிறுவனம் 2015 யூலையிலே தொடங்கிய வாராந்தப் பட்டியல் திங்கட்கிழமைதோறும் முப்பது பாடல்களை ஒவ்வொரு நேயரின் வாசலிலும் கொண்டுவந்து வைக்கின்றது. யூரியூப் அதனைக் கணந்தோறும் செய்கின்றது. இவ்வாறு பரிந்துரைக்கப்படும் இசைவகைகளுள் ‘சுயாதீன நாட்டார் இசை’ என்னும் பெயரால் வழங்கும் வகை தனியாக நோக்கத்தக்கது. ஏனெனில், அப்பெயரிலுள்ள இரண்டு அடைகளும் இப்பொறிமுறையோடு முரண்படுவன. நாட்டார் பாடல் தனியொருவரின் சுவையிலிருந்து பிறப்பதில்லை. சுயாதீனம் என்பதோ, பெருநிறுவனங்களுக்குக் கட்டுப்படாமையைக் குறிக்கும். உலகின் மிகப் பெரிய இசை விநியோக நிறுவனங்களின் கணிப்பு முறையினாலே ‘சுயாதீன’ மான ஒரு ‘நாட்டார்’ கலைஞர் கண்டுபிடிக்கப்படுகின்றார் எனும்போது, யார் எதனைக் கண்டுபிடிக்கின்றனர் என்ற வினா எழுவது இயல்பே.

இவ்வினாவைப் பொதுப்படையாக ஆராய்வதிலும் பார்க்க, ஒரு குறிப்பிட்ட இடத்தை முன்வைத்து ஆராய்தல் பயன்தரும். சப்பிரகமுவ மாகாணத்திலே, கேகாலை மாவட்டத்தின் தென்கிழக்கிலே, சீதாவாக்கை ஆற்றின் மேற்பகுதியில் அமைந்த தெரணியகலைத் தோட்டங்களை இங்கு எடுத்துக்கொள்கின்றேன். மலையகம் என்றவுடன் நுவரெலியாவையும் அற்றனையும் தலவாக்கலையையும் நினைப்பதே ஆய்வாளர்க்கும் வழக்கமாகிவிட்டது. றப்பரும் தேயிலையும் கலந்த, சிங்களக் கிராமங்களால் சூழப்பட்ட இத்தாழ்வான மலைச்சரிவுகளின் பாடல் மரபு அதனாலேயே போதிய கவனம் பெறாது போயிற்று.

பரிந்துரைப் பொறியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1994ஆம் ஆண்டு மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த உபேந்திர சார்தானந்த், பற்றி மேஸ் ஆகிய இருவரும் ‘றிங்கோ’ என்றொரு முறைமையை அமைத்தனர். நேயர்கள் மின்னஞ்சல் வழியாகத் தமக்குப் பிடித்த, பிடிக்காத கலைஞர்களுக்குப் புள்ளியிடுவர். ஒத்த புள்ளிகளையிட்ட பிறர் விரும்பிய கலைஞர்களை அம்முறைமை அவர்களுக்கு அறிவிக்கும். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வுரையின் தலைப்பு, வாய்மொழியைத் தன்னியக்கமாக்கும் கணிப்புமுறைகள் என்று பொருள்படுவது. ஒருவர் மற்றவரிடம் ‘இதனைக் கேட்டுப்பார்’ என்று சொல்வதையே அவர்கள் வாய்மொழி என்று கருதினர். நாட்டாரியல் பயின்றோர்க்கு இச்சொல் வேறொன்றைக் குறிக்கும். வாய்மொழி என்பது பாடல் உயிர்வாழும் முறை; பாடலைப் பற்றிய செய்தி பரவும் முறையன்று. பாடலைக் கேட்டவர் அதனைப் பாடுவார், பாடும்போது மாற்றுவார், மாற்றியதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். கேட்பவரும் பாடுபவரும் ஓராளாகவே இருக்கக்கூடிய இவ்வுறவை, என்றும் கேட்பவராக மட்டுமே இருக்கும் ஒருவரின் பண்டத்தேர்வாக மாற்றியமைத்ததே அந்த 1994ஆம் ஆண்டுச் சோதனையின் சாராம்சம் எனலாம்.

இன்றைய முறைமைகள் றிங்கோவைவிடப் பன்மடங்கு சிக்கலானவை. எனினும், அடிப்படை பெரிதும் மாறிவிடவில்லை. ஒரே மாதிரியான பாடல்களைக் கேட்ட இருவருள் ஒருவர் கேட்டதை மற்றவர்க்குக் காட்டுதல் முதலாவது வழி. பாடலைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் நேயர் பட்டியல்களில் எப்பாடல்கள் அருகருகே வைக்கப்படுகின்றன என்பதையும் கணக்கிடுதல் இரண்டாவது வழி. ஒலியையே அளந்து, தாள விரைவு, உரப்பு, மின்கருவியற்ற தன்மை, ஆடத்தக்க தன்மை, உவகைத்தன்மை என்றவாறு எண்களாக்குதல் மூன்றாவது. இம்மூன்றாவது வழியில் முன்னின்ற ‘எக்கோ நெஸ்ற்’ என்னும் நிறுவனத்தை 2014இலே ஸ்பொற்றிஃபை வாங்கிக்கொண்டது. அவ்வளவைகளுள் ஒன்று, பதிவிலே பார்வையாளர் சமுகமளித்திருந்தமைக்கான நிகழ்தகவைக் கூறுவது. காமன்கூத்திலே ஊர் முழுவதும் கூடிநிற்கும் ஆரவாரம் இவ்வளவையிலே ஓர் எண்ணாக வந்துசேரும். அங்கே பார்வையாளர் என ஒரு தனித் தரப்பினர் இல்லை என்பதை எந்த எண்ணும் கூறாது.

இங்ஙனம் செயற்படும் பொறியின் பின்னணியிலே சுவை பற்றிய ஒரு கோட்பாடு மறைந்துள்ளது. சுவை தனிமனிதருக்குரியது; அது அவருடைய கடந்தகால நடத்தையிலே முழுமையாக வெளிப்படுகின்றது; எதிர்காலச் சுவை கடந்தகாலச் சுவையின் நீட்சியே என்பன அதன் எடுகோள்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ 1979இல் வெளியிட்ட ‘வேற்றுமைப்பாடு’ என்ற நூலிலே, சுவை வர்க்க நிலையினாலும் கல்வியினாலும் ஆக்கப்படுவதையும், வர்க்க வேறுபாட்டைச் சுவை வேறுபாடாகக் காட்டி நியாயப்படுத்துவதையும் விரிவாக எடுத்துக்காட்டினார். பரிந்துரைப்பொறி இவ்வேறுபாட்டைத் தன் மூலப்பொருளாகவே கொள்கின்றது. கொழும்பிலோ சென்னையிலோ ரொறன்ரோவிலோ இருந்து நாட்டார் இசையை விரும்பிக் கேட்கும் படித்த நேயரும், தெரணியகலை லயமொன்றிலே முற்கட்டணத் தரவு அட்டையைச் சிக்கனமாகச் செலவிட்டுச் சினிமாப் பாடல் கேட்கும் றப்பர்த் தொழிலாளியும் ஒரே தொகுதியுள் வைக்கப்படுவது அரிது. நாட்டார் இசையின் நேயர் ஒரு தொகுதியிலும் நாட்டார் இன்னொரு தொகுதியிலுமாகப் பிரிக்கப்பட்டுவிடுகின்றனர்.

இவ்விடத்திலே அடோர்னோவை அப்படியே வழிமொழிவோரிடமிருந்து நான் வேறுபடுகின்றேன். 1941ஆம் ஆண்டிலே வெகுசன இசை பற்றி அவர் எழுதிய கட்டுரை, ஒரே அச்சில் வார்க்கப்பட்ட பாடல்களுக்குத் தனித்தன்மை என்ற மேற்பூச்சுப் பூசப்படுவதையும், இடையறாது ஒலிக்கச் செய்வதன் மூலம் ஒரு பாடலை விருப்பத்துக்குரியதாக்கும் தந்திரத்தையும் அம்பலப்படுத்தியது. அது இன்றைக்கும் பொருந்தும். ஆயினும், நேயரை முற்றாகச் செயலற்றவராகக் காணும் அவரது நோக்கு நம்மவர் அனுபவத்தோடு ஒத்துவருவதில்லை. வானொலிக் காலத்திலே எந்தப் பாடல் ஒலிபரப்பாகும் என்பதைத் தீர்மானித்தோர் எண்ணிக்கையிலே சிலர். அவர்களுட் பெரும்பாலோர் கருநாடக இசைப் பயிற்சியும் உயர்சாதி மனப்பாங்கும் உடையோர். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப்பிசை இத்தடைகளைச் சிறிது தளர்த்தியது உண்மை. தப்பிசைக்கு அவ்வாசலும் திறக்கவில்லை. இன்று தோட்டத்து இளைஞன் ஒருவன் தன் பாடலைத் தானே ஒளிப்பதிவு செய்து ஒரு மணி நேரத்தில் உலகுக்கு வெளியிடலாம். இதனைச் சிறுமைப்படுத்துவது முற்போக்கு நோக்கு ஆகாது. வெளியிடும் உரிமை பரவலாகிவிட்டது. கேட்கப்படும் வாய்ப்பு மேலும் சிலர் கையிற் குவிந்துவிட்டது. இம்முரண்பாட்டையே ஆராயவேண்டியுள்ளது.

இனி, தெரணியகலையிலே பாடல் என்பது எவ்வாறு இருந்தது எனக் காண்போம். உழைப்பின் தாளத்துக்கும் பாடலுக்குமுள்ள உறவை 1896இலே கார்ல் பூச்சர் விளக்கினார். அதனை மார்க்சிய அடிப்படையிலே வளர்த்தெடுத்த ஜோர்ஜ் தொம்சனின் ‘மார்க்சியமும் கவிதையும்’ 1945இல் வெளிவந்தது. அவரிடமே பேராசிரியர் க. கைலாசபதி பேர்மிங்காமிலே ஆய்வு செய்தார் என்பதும், வாய்மொழி மரபை அடிப்படையாகக் கொண்ட அவரது வீரயுகப் பாடல் ஆய்வு 1968இலே நூலாயிற்று என்பதும் யாவரும் அறிந்தவை. கூட்டுழைப்பே கூட்டுப்பாடலைப் பிறப்பிக்கின்றது என்ற இவ்விதி தேயிலை மலைக்கு நன்கு பொருந்துகின்றது. பெண்கள் நிரைபிடித்துக் கொழுந்தெடுக்கையில் ஒருத்தியின் குரல் மற்றவளுக்கு எட்டும். ஒருத்தி தொடங்கியதை மற்றவள் முடிக்கலாம். கங்காணியைக் குறித்த எள்ளல் அவன் காதில் விழாதபடி நிரையைக் கடந்து செல்லலாம்.

றப்பர்த் தோட்டத்து நிலை வேறு. பால் வெட்டும் வேலை விடியுமுன்னரே தொடங்கும். வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் வேளையிலேயே பால் நன்றாக வடியும் என்பது காரணம். ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கணக்கான மரங்கள் தனியே ஒதுக்கப்படும். மரத்துக்கு மரம் நடந்து, மெல்லிய பட்டையைச் சீவி, சிரட்டையைப் பொருத்தி, மீண்டும் வந்து பாலை வாளியிற் சேர்க்கும் வரை தொழிலாளி பெரும்பாலும் தனித்தே இருக்கின்றார். மரங்களுக்கிடையே இருளும் தூரமும் உள்ளன. நிரை இல்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் பேரும் இல்லை. சப்பிரகமுவவின் மழையோ நாடறிந்தது. இத்தகைய உற்பத்தி முறையிலே நிரைப்பாடல் வளரும் எனச் சூத்திரம் போல் எதிர்பார்க்கலாகாது. தனிக்குரலில் இழுத்துப் பாடும் பாடல், பக்கத்து மலையிலிருப்பவரை அழைக்கும் கூவல், மாலையிலே லயத்து வாசலிற் கூடும்போது பிறக்கும் கும்மியும் தாலாட்டும், இழவு வீட்டு ஒப்பாரி, மாசி மாதத்துக் காமன்கூத்து என்று பாடலின் களமே வேலைக்களத்திலிருந்து லயத்துக்கு நகர்ந்துவிடுகின்றது. தொம்சனின் விதியை இது பொய்யாக்கவில்லை. அதனை எந்திரரீதியாகப் பிரயோகிப்போரை எச்சரிக்கின்றது. ‘தேயிலைத் தோட்டப் பாடல்’ என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ் எல்லாவற்றையும் அடக்கிய நம் தொகுப்பாளர் சிலரும் இதனைக் கவனித்திருக்கலாம்.

தப்பு பற்றித் தனியே கூறவேண்டும். விடியலிலே பெரட்டுக்கு ஆட்களை அழைத்ததும் தப்பு. இழவுக்கும் திருவிழாவுக்கும் கூத்துக்கும் முழங்கியதும் அதுவே. துரைமாரின் நேரஒழுங்கைத் தொழிலாளியின் உடலிற் பதித்த கருவியும், அத்தொழிலாளியின் கொண்டாட்டக் கருவியும் ஒன்றாயிருந்தமை பெருந்தோட்டப் பண்பாட்டின் உள்முரண்பாட்டைத் துலக்கமாகக் காட்டுகின்றது. தப்படித்தவர் யார் என்ற வினாவையும் தவிர்க்க முடியாது. தோட்ட மக்களின் பாடலைச் சாதியற்ற ஒரு சமத்துவக் கூட்டின் குரலாகக் கற்பனை செய்வது இடதுசாரி நண்பர் சிலரிடமும் காணப்படும் மயக்கமாகும். இந்தியக் கிராமத்துச் சாதிப்படிநிலை கங்காணி முறையின் ஊடாகக் கப்பலேறி வந்தது. கருவியும் அப்படிநிலைக்கு உட்பட்டே இருந்தது.

இம்மரபு இடையறாத ஓட்டமாக நமக்கு வந்துசேரவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30இலே கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்களாகப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது. பத்தாண்டுகளின் பின் எஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1977இலும் 1981 ஓகஸ்டிலும் நிகழ்ந்த இனவன்செயல்கள் சப்பிரகமுவத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. 1981இலே இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளில் லயங்கள் எரிக்கப்பட்டன. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் தமிழகத்துக்கும் பெயர்ந்தனர். சிதறிய சிறு தொகையினராய்ப் பெரும்பான்மையினர் நடுவே வாழ்ந்தோர்க்கு நுவரெலியா மாவட்டத்தாருக்கிருந்த எண்ணிக்கைப் பலமும் இல்லை. காமன்கூத்துக்கு வேடம் கட்டுவோர், அடவு சொல்லிக்கொடுப்போர், தப்படிப்போர், கதை தெரிந்தோர் எனப் பலர் வேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து பத்துக் குடும்பங்கள் பெயர்ந்தால் கூத்து நின்றுவிடக்கூடும். ஒரு பாட்டி கப்பலேறினால் ஓர் ஒப்பாரி மரபு கப்பலேறிவிடும்.

அவ்வாறு கப்பலேறிய மரபொன்று அரை நூற்றாண்டின் பின் உலகப் பரிந்துரைப்பட்டியல்களிலே தோன்றியதே நமது விடயத்துக்கு மிக நெருங்கிய உதாரணம். 2021 மார்ச் 7ஆம் திகதி யூரியூபிலே வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடலைப் பற்றியே கூறுகின்றேன். பாடியோர் தீயும் அறிவும், இசைத்தயாரிப்பு சந்தோஷ் நாராயணன், வெளியிட்டது ஏ. ஆர். ரகுமானின் ஆதரவோடு கனடாத் தமிழர் தொடங்கிய ‘மாஜா’ நிறுவனம். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே உழைத்துப் பின் தமிழகம் திரும்பியவர். நிலமற்றோரின் உழைப்பால் நிலம் விளைந்த கதையைப் பாட்டியின் குரலினூடாகக் கூறும் அப்பாடல், ஒப்பாரியின் விளிகளையும் இழுவையையும் உள்வாங்கியது. இதுவரை நாற்பது கோடிக்கும் அதிகமான தடவைகள் பார்க்கப்பட்டுள்ளது. அறிவு, 2018 ஜனவரியிலே சென்னையில் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவிலே உருவானவர். தலித் அரசியலும் கானாவும் கூட்டுப்பாடலும் அவருக்குப் பின்புலமாக இருந்தன. இப்பாடலின் வலிமை அப்பின்புலத்திலிருந்து வருவது. ஒப்பாரி இறந்தவரை நோக்கிப் பாடப்படுவது. இங்கே அது இழந்த நிலத்தை நோக்கித் திரும்பி, பின்னர் துள்ளலாக மாறுகின்றது. துக்கத்தையும் உரிமைக்கோரிக்கையையும் ஒரே தாளத்திலே பிணைத்தமை கலைரீதியான வெற்றி என்பதில் எனக்கு ஐயமில்லை.

இப்பாடலை விரும்பிய நேயருக்கு அடுத்து என்ன காட்டப்படும்? பொறியின் தர்க்கப்படி, இப்பாடலைக் கேட்ட பிறர் அதிகமாகக் கேட்டவையே முன்வரும்: அதே இசையமைப்பாளரின் சினிமாப் பாடல்கள், அதே பாடகரின் பிற பாடல்கள், அதே விரைவும் உரப்புமுடைய வேறு வெற்றிப் பாடல்கள். பாடலின் வரலாறு பின்னோக்கிச் செல்கின்றது. பாட்டிக்கும் தோட்டத்துக்கும் லயத்துக்கும் செல்கின்றது. பரிந்துரையோ பக்கவாட்டாகச் செல்கின்றது. பண்டத்திலிருந்து ஒத்த பண்டத்துக்குச் செல்கின்றது. வள்ளியம்மாளைப் போன்றவர்கள் இன்றும் பாடிக்கொண்டிருக்கும் தோட்டங்களுக்கு இவ்வழியிலே பாதை இல்லை. யாரும் கேட்டிராத பதிவைப் பற்றிப் பொறியிடம் தரவு இல்லை. தரவு இல்லாததை அது எவர்க்கும் காட்டுவதில்லை. காட்டாததை எவரும் கேட்பதில்லை. பொறியியலாளர் இதனைத் தொழில்நுட்பத் தொடக்கச் சிக்கல் என்பர். உள்ளவர்க்கே மேலும் கொடுக்கப்படும் ஒழுங்கை அரசியற் பொருளாதாரம் பயின்றோர் வேறு பெயரால் அறிவர்.

இப்பாடலின் பின் எழுந்த சர்ச்சையும் கவனத்துக்குரியது. 2021 ஓகஸ்டிலே ‘றோலிங் ஸ்ரோன்’ இந்தியப் பதிப்பின் அட்டையில் அறிவு இடம்பெறாமை கண்டிக்கப்பட்டது. 2022 யூலையிலே சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அவரின்றி இப்பாடல் நிகழ்த்தப்பட்டபின், பாடலை ஆக்கியதிலே தன் பங்கு யாதென அவர் பகிரங்கமாக எழுதினார். அது கூட்டுமுயற்சி என இசையமைப்பாளர் பதிலளித்தார். இப்பாடலால் தமக்கு எவ்வித வருமானமும் கிடைக்கவில்லை என 2024 மார்ச்சிலே இசையமைப்பாளரே கூறினார். இவர்களுட் யார் சரி எனத் தீர்ப்பளிப்பது எனது நோக்கமன்று. தோட்டத்து ஒப்பாரியிலே ‘ஆக்கியவர்’ என்ற கேள்விக்கு ஒரு கூட்டத்தையே விடையாகச் சொல்லவேண்டும். பதிப்புரிமைச் சட்டத்திலோ அதற்கு ஒரு பெயரோ சில பெயர்களோ வேண்டும். கூட்டு உடைமையான ஒன்று தனியுடைமை வடிவத்துக்குள் புகும்போது, யாருடைய பெயர் பதியப்படும் என்ற போராட்டம் தவிர்க்கவியலாததாகின்றது. அப்போராட்டத்தில் இறங்க வாய்ப்புள்ளோர் மேடையில் நின்ற சிலரே. ஒப்பாரியை அவர்களுக்குக் கொடுத்த பெண்கள் பங்கு கேட்கும் நிலையிலும் இல்லை.

வருமானம் என்று வரும்போது, இசை விநியோகத்தின் கணக்குமுறை தோட்டத் தொழிலாளிக்கு அந்நியமாகத் தோன்றாது என்றே கருதுகின்றேன். நேயர் செலுத்தும் சந்தாப் பணம் அவர் கேட்ட பாடகருக்கு நேராகச் செல்வதில்லை. எல்லாப் பணமும் ஒரு பொதுக் குளத்திற் சேர்ந்து, மொத்தக் கேட்புகளிலே ஒவ்வொருவரும் பெற்ற வீதத்துக்கேற்பப் பங்கிடப்படும். தெரணியகலைப் பாடகரை மட்டுமே ஒருவர் மாதம் முழுவதும் கேட்டாலும் அவர் பணத்தின் பெரும்பகுதி உலக நட்சத்திரங்களிடமே போய்ச்சேரும். 2024 தொடக்கத்திலிருந்து, முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு ஸ்பொற்றிஃபை எதுவுமே கொடுப்பதில்லை. தோட்டத்திலே நிர்ணயித்த இறாத்தல் குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். இங்கே அரைப்பேரும் இல்லை. 2020இலே அறிமுகமான இன்னொரு திட்டத்தின்படி, தமது உரிமைப்பணத்திலே ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் கலைஞரின் பாடலுக்குப் பரிந்துரையில் முன்னிடம் கிடைக்கும். ‘உங்கள் சுவைக்கேற்ப’ என்று நேயரிடம் கூறப்படுவதன் ஒரு பகுதி இவ்வாறு விலைபேசப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நெடுங்காலப் போராட்டத்தின் பின் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதும் 2021 மார்ச் மாதத்திலேயே. ஸ்பொற்றிஃபை இலங்கையிற் சேவையைத் தொடங்கியது அதற்கு முந்திய மாதத்திலே. ஆயிரம் என்ற எண்ணின் இந்த இரட்டைத் தோற்றம் தற்செயலே. ஆயினும், எழுதாமல் விட மனம் வரவில்லை.

சுவையை அடிப்படையாகக் கொள்ளாத அறிமுகமுறை ஒன்று இம்மக்களிடையே இருந்ததுண்டு. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை 1930களிலும் 1940ஐ அடுத்தும் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களிலே பாடினார். மக்கள் அறிந்த மெட்டுகளிலே தொழிலாளர் துயரையும் இந்தியர்க்கெதிரான சட்டங்களையும் பாடலாக்கினார். 1940இல் வெளியான அவரது ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு பாடல் நூல் மலிவுப் பிரசுரமாகக் கைக்குக் கை சென்றது. அப்பாடலைக் கேட்க வந்தவர் தம் சுவைக்கு ஏற்றதைத் தேடி வந்தவரல்லர். சம்பளத்தைப் பற்றிக் கேட்க வந்தவர். பழகிய மெட்டிலே பழகாத அரசியற் செய்தியைக் கேட்டுத் திரும்பியவர் வழியிலே அதனைப் பாடியும் இருப்பார். பரிந்துரைப்பொறி பழகியதினூடாகப் பழகியதற்கே இட்டுச்செல்கின்றது. மீனாட்சியம்மையின் மேடை அதே பழக்கத்தைப் புதியதற்கு வாயிலாக்கிற்று. தெரணியகலைக்கு அருகிலுள்ள எட்டியாந்தோட்டை–றுவன்வெல்லைப் பகுதியிலே 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது என். எம். பெரேராவும் தோழர்களும் ஆற்றிய நிவாரணப் பணியிலிருந்து வளர்ந்த இடதுசாரி இயக்கத்துக்கும் ஊர்வலமும் மேடையும் கோஷமும் இருந்தன. அவ்வியக்கம் சிங்களக் கிராமியப் பாடலையும் தோட்டத்துத் தமிழ்ப் பாடலையும் ஒரே மேடையிலே சந்திக்கவைக்கும் பண்பாட்டு வேலைத்திட்டம் ஒன்றை உருவாக்கியிருந்தால் சப்பிரகமுவவின் பண்பாட்டு வரலாறு சிறிதேனும் வேறுபட்டிருக்கும் என நினைக்கின்றேன். 1964இலே சமசமாஜக் கட்சி அமைச்சரவையிலே சேர்ந்த அதே ஆண்டில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் கைச்சாத்தாயிற்று.

தொகுப்பு முயற்சிகளும் கண்டுபிடிப்பின் ஒரு வகையே. 1947இலே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்கப் பணியினூடே கேட்டுத் திரட்டிய பாடல்களை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என 1983இலே நூலாக்கினார். சாரல்நாடனின் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ அதன் வழிவந்தது. தமிழகத்திலே நா. வானமாமலை செய்த பணி இவர்களுக்கு முன்மாதிரி. இவர்கள் இல்லையேல் இன்று பேசுவதற்கே பொருள் இருந்திராது. எனினும், ஏட்டில் ஏறிய பாடல் மெட்டை இழந்தது. பெரும்பாலும் பாடியவரின் பெயரையும் இழந்தது. ‘பெயரறியா மக்கள்’ என்று நாம் பெருமையோடு எழுதிய சொற்றொடரிலே, பெயரைக் கேட்டு எழுதாத நமது சோம்பலும் கலந்திருந்தது. இன்று பொறி அதற்கு எதிர்த்திசையிலே தவறுகின்றது. அதற்குக் ‘கலைஞர்’ என்ற ஒரு பெயர் கட்டாயம் வேண்டும். கூட்டமாய்ப் பாடுவோரை அது ஏற்காது. பதிவேற்றும்போது நிரப்பவேண்டிய கட்டங்களிலே பாடகர், ஆக்கியோர், வெளியீட்டாளர், ஆண்டு என்பன உண்டு. எந்தத் தோட்டம், என்ன வேலை செய்பவர், யாரிடம் கற்றார், எச்சந்தர்ப்பத்திலே பாடப்படுவது என்ற கட்டங்கள் இல்லை.

பல்கலைக்கழகம் சார்ந்த நாம் செய்யக்கூடியது இவ்விடத்தில்தான் உண்டு. 2005 முதல் இயங்கிவரும் நூலக நிறுவனம் போன்ற இலாப நோக்கற்ற எண்ணிம ஆவணகங்களிலே, ஒலி, சொல், பாடியவர் பெயர், அவர் தொழில், கற்ற வழி, சந்தர்ப்பம் ஆகிய யாவும் இணைந்த பதிவுகளைச் சேர்க்கலாம். பாடியவரின் சம்மதமும், வணிகத்துக்கு எடுத்தாளுவோர் அவருக்கும் அவர் சமூகத்துக்கும் கடப்பாடுடையவர் என்ற நிபந்தனையும் அதனோடு செல்லவேண்டும். ஒப்பாரிக்கு மேலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். இழவு இல்லாத வீட்டிலே அதனைப் பாடச் சொல்வதைப் பல பெண்கள் அமங்கலமாகக் கருதி மறுப்பர். மறுக்கும் உரிமையை மதியாத ஆய்வாளருக்கும், கேட்பதற்கு ஏதேனும் வேண்டும் என்று விரலை நகர்த்தும் நேயருக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை.

2023 யூலை–ஓகஸ்டிலே, இம்மக்களின் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் நடந்த காட்டுவழியை அவர்கள் வழித்தோன்றல்கள் மீண்டும் நடந்தனர். அதனையொட்டிப் பல புதிய பாடல்கள் எழுந்தன. கைத்தொலைபேசியிற் பதிவாகி முகநூலிலும் வட்சப்பிலும் சென்றன. அவற்றைப் பரப்பியவை தொழிற்சங்கத் தொடர்பும் உறவுமுறையும் ஊர்ப்பற்றும் ஆகும். பரிந்துரைப்பொறியின் பங்கு சிறிதே. ‘இது நம்ம தோட்டத்துப் பிள்ளை பாடினது’ என்ற ஒரு வரிக் குறிப்போடு அனுப்பப்படும் பாடல், சுவை ஒப்புமையால் வரும் பாடலிலிருந்து வேறுபட்ட ஓர் உறவைக் கொண்டுவருகின்றது. கேட்பவர் அதிலே தன் ஊரைத் தேடுகின்றார். சொல் பிழைத்தால் திருத்தி அனுப்புகின்றார். சில வேளை பதிற்பாட்டும் பாடுகின்றார்.

தெரணியகலையிலே இப்போது எழுந்துள்ள பிரச்சினை மொழி பற்றியது. உயர்தர வகுப்பு வரையுள்ள தமிழ்மொழிப் பாடசாலைகளின் பற்றாக்குறையால் சப்பிரகமுவத் தோட்டப் பிள்ளைகள் பலர் அயலிலுள்ள சிங்களப் பாடசாலைகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் சிங்களம் கற்பதைக் குறைகூறுவது என் கருத்தன்று. அயற்கிராமத்து உழைப்பாளியோடு ஒன்றிணைய அது வேண்டியதே. ஆனால், பாட்டி தமிழிலே தாலாட்ட, பேரப்பிள்ளை சிங்களத்திலே பதில் சொல்லும் வீடுகள் பெருகுகின்றன. அப்பிள்ளையின் கைத்தொலைபேசி சிங்கள றப் பாடல்களையும் தமிழ்ச் சினிமாப் பாடல்களையும் மாறிமாறிப் பரிந்துரைக்கின்றது. ஒரே பிள்ளையை அது இரண்டு சந்தைகளின் வாடிக்கையாளனாகக் காண்கின்றது. பாட்டியின் தாலாட்டிலே சிங்களச் சொற்கள் பல ஏற்கெனவே கலந்திருக்கின்றன. பால் வெட்டும் மலையிலே இரு மொழியினரும் பக்கத்துப் பக்கத்து மரங்களிலே நின்று பழகியதன் தடம் அது. இத்தகைய கலப்புப் பாடலை எந்த மொழிக்குரியதெனக் குறிப்பது என்று பதிவேற்றும் படிவம் கேட்கும்போது, ஒன்றையே தேர்ந்தெடுக்கலாம்.